வளைந்த தட்டும் கார்க் விரிப்பும்

போன மாதம் அவிநாசி சாலையில் இருக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குக் குடை வாங்கப் போனேன். குடை வாங்காமலே திரும்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி மாதிரி நீங்களும் கடைசிவரை "குடை எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டாம் மாடியில் ஒரு கடையில் இசைத்தட்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் பாலிதீன் உறை பிரிக்காத புத்தம் புதுத் தட்டுகள். நாமே அடக்கம் செய்துவிட்டு வந்த ஆள் எதிரே வந்து "சௌக்கியமா?" என்று கேட்டது போல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே போனால் அடுத்த அதிர்ச்சி. கண்ணாடிப் பெட்டிக்குள், நகைக்கடையில் வைப்பது போல வெல்வெட் துணி மேல், ஒரு வட்டமான கார்க் விரிப்பும் பக்கத்தில் பளபளவென்று ஓர் உலோகக் குமிழும் இருந்தன. "மேட்டும் கிளாம்ப்பும் சார். இது ரெண்டும் போட்டா சவுண்டு வேற லெவல்ல இருக்கும்" என்றான் விற்பனைப் பையன். விலைச்சீட்டைப் பார்த்தேன். பிளேயருக்கும் சேர்த்துப் போட்ட விலை என்று நினைத்தேன். விரிப்புக்கு மட்டும்தானாம். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். பையன் மெதுவாக அதை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

அந்த வாசனை இருக்கிறதே, அதைச் சொல்வது கஷ்டம். காய்ந்த மரப்பட்டை, கொஞ்சம் பசை, மழைக்கு முன்னால் பூட்டியிருந்த அறை எல்லாம் கலந்த மாதிரி இருக்கும். ஆனால் எனக்குக் கார்க் என்றால் அதோடு லேத்து எண்ணெய் நாற்றமும் சேர்ந்தே வரும். ஏனென்றால் நான் முதன்முதலில் கார்க் விரிப்பைத் தொட்டது கணபதியில், மோட்டார் பம்ப்பு பாகங்கள் கடைசல் பிடிக்கும் ஒரு பட்டறையில். பம்ப்பின் இரண்டு மூடிகளுக்கு நடுவே தண்ணீர் கசியாமல் இருக்கக் கார்க் தகட்டை வெட்டி வைப்பார்கள். அந்தத் தகடுதான் எங்கள் ரெக்கார்டுக்குப் படுக்கையாகப் போனது.

இதெல்லாம் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளேயரில் சுற்றுகிற உலோகத் தட்டின் மேல் ஒரு விரிப்பு இருக்கும். அதன் மேல் ரெக்கார்டு. ரெக்கார்டு அசையாமல், தூக்கிக்கொண்டு நிற்காமல், படிந்து கிடக்க நடுவில் ஒன்றை வைத்து அழுத்தினால் அதுதான் கிளாம்ப். இவ்வளவுதான் விஷயம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நீங்கள் கேட்டால், தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நானும் அதையேதான் கேட்டேன்.

அப்போது நான் ஒப்பணக்கார வீதியை ஒட்டிய ஒரு சந்தில், காதர் பாயின் கேசட் கடையில் வேலை பார்த்தேன். வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டுகளிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் சங்கீத ஞானம் என்று நினைத்துவிட வேண்டாம். என் கையெழுத்து அழகாக இருக்கும். கேசட் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் பாட்டின் பெயர்களை எழுத ஆள் தேவைப்பட்டது. ராகம் எது, தாளம் எது என்று கேட்டால் இன்றைக்கும் நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

பாய்க்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. பெரிய உருவம், சின்னக் குரல். எங்கள் பிளேயர் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. அதன் ரப்பர் விரிப்பு நேற்றைய தோசை மாதிரி விறைத்துப் போயிருந்தது. மோட்டாரின் உறுமல் அதன் வழியாக ஏறி ஊசிக்குள் வந்துவிடும். பாட்டு சத்தமாகப் போகும்போது தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே தூரத்தில் மில் ஓடுவது போலக் கேட்கும். பாய் அதற்காகப் பலதையும் போட்டுப் பார்ப்பார். ஒருநாள் தையற்கடையிலிருந்து கம்பளித் துணி வாங்கி வட்டமாக வெட்டினார்; பாடகர் போர்த்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. இன்னொரு நாள் சைக்கிள் டியூபைப் பிளந்து விரித்தார். தாளம் சோம்பல் முறித்தது. "கண்ணை மூடிட்டுக் கேளு தம்பி, எது எதுன்னு சொல்லு" என்பார். எல்லாம் வீண் வேலை என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

எவ்வளவு காதுக்கு உண்மையாகவே கேட்டது, எவ்வளவு மனசு சேர்த்துக்கொண்டது என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரே ஒரு ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் சத்தியம் செய்வேன்.

ஒரு மத்தியானம் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். அம்மா ரூத்தம்மா, ஆஸ்பத்திரி ஆயா. மகள் ஸ்டெல்லா, அப்போதுதான் நர்சு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். ரூத்தம்மா ஒரு பழைய தலையணை உறைக்குள்ளிருந்து சின்ன ரெக்கார்டு ஒன்றை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். அது தொட்டில் மாதிரி ஆடியது. கவிழ்த்து வைத்த வடைச்சட்டி போல நடுவில் மேடு கட்டியிருந்தது.

"ஏனுங் பாய், கெட்டுப்போன ரெக்கார்டையும் ஓட்டித் தருவீங்கன்னு சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரரு பாடினதுங்க. இவ கைக்கொழந்தையா இருக்கறப்பவே போயிட்டாருங்க. அப்பன் கொரலை இவ ஒருக்காக்கூடக் கேட்டதில்லைங்க."

மகள் குறுக்கிட்டாள். "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணமுங்க. கோயிலுக்குள்ள நான் நடந்து போறப்ப அப்பா பாட்டு போடோணும்ங்க. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகத்தான் அவரில்லை. பாட்டாவது வரட்டும்."

அந்த அப்பாவின் பெயர் ஞானமுத்து. தோப்புகளில் தேங்காய் பறிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். அவர் குரலுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்களாம். ஒரு தடவை அந்தப் பாட்டுக் குழுவை மெட்ராசுக்குக் கூட்டிப்போய் ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் பொண்டாட்டியிடம் சொன்ன முதல் வார்த்தை, "முழுப் பாட்டும் நாந்தாம் பாடுனேன் ரூத்து." சில மாதங்களில் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம்தான் தபாலில் ரெக்கார்டு வந்தது. அதன் லேபிளில் குழுவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் யார் வீட்டிலும் பிளேயர் கிடையாது. ரூத்தம்மா அதை பைபிளுக்குப் பக்கத்தில், அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பரண் மேல் பத்திரமாக வைத்தார். நம் ஊர்ச் சித்திரை வெயில் அஸ்பெஸ்டாஸ் கூரையை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். பல வருஷம் கழித்து ஸ்டெல்லாவின் டீச்சர் வீட்டுப் பிளேயரில் போட்டபோது ஊசி எகிறிக் குதித்துவிட்டதாம்.

எங்கள் கடையிலும் அதே கதைதான். மேட்டில் ஏறிய ஊசி சறுக்கி ஓடியது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து வெயிலில் காய வைக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் அட்டை எழுதப் போய்விட்டேன். "கோடு எல்லாம் இளகிப் போயிடும்மா. ஒரே ஒரு தட்டு. விளையாடக் கூடாது. நடுவுல அழுத்திப் பிடிக்க ஒண்ணு செய்யணும்" என்று ரூத்தம்மாவிடம் சொன்னார்.

அப்படித்தான் கணபதி மயில்சாமி அண்ணன் இந்தக் கதைக்குள் வந்தார். லேத்துப் பட்டறைக்காரர், பாயின் பழைய வாடிக்கையாளர். வாய் லேத்தைவிட வேகமாக ஓடும். நானும் பாயும் ஸ்கூட்டரில் போய் விவரம் சொன்னோம். அவர் முழுவதும் கேட்கவில்லை.

"பாய், அஞ்சு குதிரை மோட்டாருக்கு ஃப்ளைவீல் கடையறவன் நானு. இந்தத் தக்கினியூண்டு தட்டுக்குச் செய்ய மாட்டனுங்களா? நாளைக்கே செஞ்சுபோட்டுக் கொண்டாறேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெண்கலத்தில் கடைந்து, விளிம்பில் பூ வேலை எல்லாம் செய்து, காபி டபரா அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கட்டி. தூக்கியபோது என் மணிக்கட்டு மடங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் ஒரே வைத்தியம், எடை. பம்ப்பு ஆடினால் எடையைக் கூட்டு, கட்டில் ஆடினால் எடையைக் கூட்டு. கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் வைத்ததும் ரெக்கார்டு அப்படியே படிந்தது. அன்றைக்கு ரூத்தம்மாவும் ஸ்டெல்லாவும் வந்திருந்தார்கள். பாய் ஊசியை இறக்கினார். குதிக்கவில்லை. ஆர்மோனியம் வந்தது, அப்புறம் ஓர் ஆண் குரல், கனமாக, நிதானமாக. ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ரூத்தம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். ஓர் அடி முடியுமுன் சொன்னார், "இது அவரில்லீங்க."

"அம்மா, நீ மறந்திருப்பே" என்றாள் மகள்.

"கட்டுன புருசன் கொரலு மறக்குமா கண்ணு? அவருக்கு மெல்லிசுக் கொரலு. இது ஆரோ பெரிய மனுசன்."

எல்லாருக்கும் திக்கென்றது. பாய் குனிந்து தட்டைப் பார்த்தார், ஊசியைத் தூக்கினார், சிரிக்க ஆரம்பித்தார். அந்த வெண்கலப் பாரத்தை இழுக்க முடியாமல் மோட்டார் தவழ்ந்துகொண்டிருந்தது. தட்டு மெதுவாகச் சுற்றினால் குரல் தடித்துப் போகும், குழந்தை பாடினாலும் கிழவர் பாடுவது போல இருக்கும். அதுதான் காரணம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், ரூத்தம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மயில்சாமி அண்ணனுக்கு மட்டும் ரோஷம். "மோட்டாரு வீக்குங்க பாய். எம்பட கிளாம்ப்பு மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார்.

அடுத்ததை அவர் அலுமினியத்தில் செய்தார். கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. நடுக்கம்பியைத் திருகாணியால் இறுகப் பிடித்துக்கொண்டு ரெக்கார்டை அமுக்கும். எடைக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் எங்கள் ரப்பர் விரிப்பு வரிவரியாக மேடு பள்ளமாக இருந்ததால், திருகி அமுக்கியபோது ரெக்கார்டு நெளிந்தது. சமமான விரிப்பு வேண்டும் என்றதும் பட்டறை மூலையில் சுருட்டிக் கிடந்த பம்ப்பு கார்க் தகட்டை அவர் உருவி, காம்பஸ் வைத்து வட்டம் போட்டு வெட்டிக் கொடுத்தார். முதன்முதலில் கார்க்கைத் தொட்டேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்துவிட்டு அம்மாவும் மகளும் நேராகக் கடைக்கு வந்தார்கள். கடைக்கு விடுமுறை, கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தோம். மயில்சாமி அண்ணன் தன் வேலையைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாய் தட்டின் ஓரத்தில் காகிதத் துணுக்கு ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து வேகம் சரியா என்று சோதித்தார். சரியாக இருந்தது. கார்க் மேல் ரெக்கார்டு கிடந்தது, மேலே கிளாம்ப். ஊசி இறங்கியது.

எனக்கு முதலில் தோன்றியது, பிளேயர் ஓடவில்லையோ என்று. பாட்டுக்கு முன்னால் எப்போதும் வருகிற அந்த மில் உறுமல் இல்லை. திடீரென்று வெறும் காற்றிலிருந்து ஆர்மோனியம் எழுந்தது. விரல் கட்டையில் படும் சத்தம்கூடக் கேட்டது. விரிப்பை மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்ன பாயை நான் இத்தனை நாள் கேலி செய்தேனே என்று வெட்கமாக இருந்தது. பிறகு குரல். தெளிவான, அழகான குரல்.

ரூத்தம்மா கண்ணை மூடியிருந்தார். திறந்தார். பாயைப் பார்த்தார். பாய் வேகத்தை மாற்றும் குமிழைக் கொஞ்சம் ஏற்றினார், இல்லை என்று தலையை ஆட்டினார் ரூத்தம்மா. கொஞ்சம் இறக்கினார், அதற்கும் தலையை ஆட்டினார். பாய் குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். இனிமேல் பழி போட மோட்டாரும் இல்லை, எடையும் இல்லை.

"அவரில்லீங்க பாய்."

ஸ்டெல்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப என்னம்மா? நான் பொறந்ததுல இருந்து இதைத்தான சொல்லிட்டிருக்கே. அப்பன் கொரலு இதுக்குள்ள இருக்குது, இருக்குதுன்னு. ஸ்கூல்ல, காலேஜ்ல எல்லார்த்துகிட்டயும் சொன்னனே. அவரு உங்கிட்டப் பொய் சொன்னாரா?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. செத்துப்போன மனுஷன் பொய் சொன்னார் என்று அவர் மகளுக்குக் காட்டிக் கொடுப்பதற்கா இவ்வளவு பாடுபட்டு வெட்டினோம், கடைந்தோம் என்றிருந்தது. பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தூக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஸ்டெல்லா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. ஆர்மோனியத்தின் கடைசி மூச்சு மெல்ல அடங்கியது. அப்புறம், எங்கோ பின்வரிசையிலிருந்து, அடக்கி அடக்கி வைத்திருந்தது வெடித்த மாதிரி ஓர் இருமல். தொடர்ந்து இன்னொன்று. பிறகு ஒரு மெல்லிய குரல், கட்டிப்போன தொண்டையிலிருந்து, ரகசியம் போல:

"மன்னிச்சுப்போடுங்க."

அவ்வளவுதான். ஊசி வெறும் கோட்டில் சுற்ற ஆரம்பித்தது.

ரூத்தம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "அவருதான்" என்றார். "அவருதானுங்க. ஐயோ, அவருதான்."

என் கையிலிருந்த கேசட் கீழே விழுந்ததைக்கூட நான் அப்புறம்தான் பார்த்தேன். ரூத்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து, எங்களிடம் சொல்வதா மகளிடம் சொல்வதா என்று தெரியாமல் சொன்னார். மெட்ராசுக்குப் போகிற வாரம் முழுக்க மழை. நனைந்துகொண்டே பாட்டுப் பழகப் போய் மார்பில் சளி கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம் வைத்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்து ரயிலேற்றிவிட்டிருக்கிறார். "அங்க போயித் தொண்டை கட்டிட்டிருக்கும். வேற ஆளைப் பாடச் சொல்லியிருப்பாங்க. ஊரே வந்து வழியனுப்பி வெச்சுதுங்க பாய். திரும்பி வந்து என்னன்னு சொல்லுவாரு மனுசன்?"

ஸ்டெல்லா கைப்பையைக் கீழே வைத்தாள். பிளேயருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, அந்தக் கடைசியை மறுபடி போடுங்க" என்று என்னிடம் கேட்டாள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். தந்தையின் குரலை முதன்முதலாகக் கேட்கிற பெண்ணின் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மயில்சாமி அண்ணன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அவர் கண்ணாடி போடுகிறவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர்கள் டீ குடிக்கும்போது நான் சும்மா இருக்காமல் கார்க்கை எடுத்துவிட்டுப் பழைய ரப்பரைப் போட்டு அந்த இடத்தைக் கேட்டுப் பார்த்தேன். மில் உறுமியது. இருமல் லேசாகத் தெரிந்தது. அந்த வார்த்தை முழுகிப் போய்விட்டது. பம்ப்புக்கு வைக்கிற ஒரு கார்க் துண்டு மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்தப் பெண் அப்பாவை வெறும் பொய்யர் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள்.

கார்க்கைத் திரும்பப் போட்டுக் கேசட்டில் பதிந்தோம். கடையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாமா என்று பாயிடம் கேட்டேன். வீட்டு ஆட்களின் குரல் எது வந்தாலும் பாய் நகல் வைக்க மாட்டார், அது அவர் வழக்கம். இதற்காவது வைப்பார் என்று நினைத்தேன். "அடுத்த வீட்டுக் குரலு தம்பி, அமானத்து. நம்பிக் குடுத்தாங்க, நம்பிக்கையாத் திருப்பிக் குடுத்தரணும். அந்த மனுசன் மன்னிப்புக் கேட்டதை நாம வெச்சு என்ன பண்ணப் போறோம்?" என்றார். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். ஸ்டெல்லா நடந்து வந்தபோது அந்தப் பாட்டு ஒலித்தது. சர்ச்சில் இருந்த பெரியவர்கள் எல்லாம் "ஞானமுத்து கொரலு தேனு மாதிரி இருக்குது பாரு" என்று பேசிக்கொண்டார்கள். ரூத்தம்மா எல்லாரிடமும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார். கேசட்டை ஓட்டிய ஆளிடம் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். பாட்டு முடிந்து, சர்ச்சு முழுக்க அமைதியாக இருந்தபோது, ஸ்பீக்கரிலிருந்து அந்த இருமலும் அந்த வார்த்தையும் வந்தன. யாருக்கும் புரியவில்லை. ஸ்டெல்லா மட்டும் பீடத்துக்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடி நின்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று போய்விட்டது. உலகத்துப் பாட்டெல்லாம் குறுந்தட்டுக்குப் போனது, பிறகு செல்போனுக்குள் போனது. பாய் மௌத்தாகி வெகு காலம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மயில்சாமி அண்ணன் பட்டறையை விற்றுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தக் கொதிப்புக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த தலைமை நர்சு என் முகத்தையே பார்த்தார். "கேசட் கடை அண்ணாதானுங்க?" ஸ்டெல்லா. தலை நரைத்திருந்தது. நலம் விசாரித்து முடிக்கும் முன்பே என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் போய்க் கேட்டார். "அண்ணா, எங்கப்பா பாட்டு, பாய் கடையில ஒரு காப்பி ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரூத்தம்மா சாகும்போது அந்த ரெக்கார்டைத் தன்னோடு பெட்டிக்குள் வைக்கச் சொன்னாராம். கேசட்தான் இருக்கிறதே என்று வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள். பிறகு ஸ்டெல்லாவின் மகன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், அம்மாவின் பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறான். இரைச்சலை எல்லாம் நீக்கியிருக்கிறான். பாட்டு முடிந்த பிறகு வெறும் சரசரப்பும் யாரோ இருமுவதும்தானே என்று அந்த வாலையும் வெட்டியிருக்கிறான். கேசட் நாடா பிளேயரில் சிக்கிக் கிழிந்ததால் தூக்கிப் போட்டுவிட்டான். பிறந்தநாளன்று எல்லாரும் சுற்றி நிற்க ஓடவிட்டிருக்கிறான்.

"முடியற வரைக்கும் காத்துட்டிருந்தனுங்க. முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க" என்றார்.

"பையன்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. தாத்தா பாட்டுன்னு எத்தனை நாளு உக்காந்து செஞ்சான். சொன்னா மனசொடைஞ்சு போயிருவானுங்க."

நகல் இல்லை என்று சொன்னேன். அவர் அதை எதிர்பார்த்தவர் போலத் தலையாட்டினார். பாயின் நேர்மையை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை திட்டினேன் என்றால் அது அந்த நிமிஷத்தில்தான், அதுவும் மனசுக்குள்.

அப்போதே அம்மாவைக் கூட்டிப் போக மகன் வந்துவிட்டான். நல்ல பையன், வளர்த்தி. நான்தான் அந்தப் பாட்டைப் பதிந்தவன் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். காதில் மாட்டுவதை என் காதில் மாட்டிவிட்டுச் செல்போனைத் தட்டினான். ஆர்மோனியம் வந்தது. எவனோ முகம் தெரியாத ஒருவனுடைய குரல், நேற்றுப் பாடியது போலத் துல்லியமாக. நான் மூச்சுவிடாமல் கடைசிவரை கேட்டேன். ஆர்மோனியம் அடங்கியது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன்.

"எப்படிங்க அங்கிள்? தாத்தா வாய்ஸ் க்ளீனா இருக்குதுங்களா?"

ஸ்டெல்லா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப க்ளீனா இருக்குது கண்ணு" என்றேன்.